செவலை மாட்டின் இடது பக்கம்

போன் மணி அடித்தாலே சுஜாதாவுக்கு அலுப்புத் தட்டும். சாணி அள்ளும்போது அடிக்கும், உலை வைக்கும்போது அடிக்கும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் அப்போதும் அடிக்கும். எடுத்தால், "மாடு கீதா?" என்பான் ஒருவன். இருக்கிறது என்றால், "கடைசி ரேட் சொல்லு" என்பான். எந்த மாடு, எத்தனையாவது ஈத்து, எவ்வளவு கறக்கும், ஒன்றும் கேட்க மாட்டான். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மாடு வாங்கும் உத்தேசமே கிடையாது. மாடு கட்ட இடமும் கிடையாது. பெண் குரலைக் கேட்கவேண்டும் என்றே கூப்பிடுகிற மகராசன்களும் உண்டு. அவர்களுக்கென்று சுஜாதா தனியாக நாலு வார்த்தை வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் எடுக்காமல் இருக்க முடியாது. அதுதான் அவள் பிழைப்பு. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஏரிக்கரை ஓரமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் அவள் வீடு. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு மாடு விற்பனைக்கு வந்தாலும் சுஜாதாதான் போய் வீடியோ எடுப்பாள். பைக், ஃபிரிட்ஜ், கட்டில், கோழி என்று சகலமும் விற்கிற விளம்பர ஆப் ஒன்று இருக்கிறதே, அதில் போடுவாள். கூப்பிடுகிறவர்களிடம் பேசி, விற்றுக்கொடுத்து, தனக்கு உண்டானதை வாங்கிக்கொள்வாள்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. முன்னே ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி மூடியபோது வீட்டில் இருந்த தையல் மிஷினையும் விற்றுவிடலாம் என்று நினைத்து, சும்மா ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். விளம்பரம் எப்படிப் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் வாய்க்கு வந்ததைப் பேசினாள். "பெடல் சத்தம் போடும். பெல்ட்டு மாத்தணும். மத்தபடி நல்லா ஓடும்" என்றாள். அன்றைக்கே விற்றுவிட்டது. வாங்க வந்த மனிதர், "எல்லாரும் புதுசு மாதிரி கீதுன்னு சொல்றான், நீ ஒருத்திதான் சத்தம் போடும்னு சொன்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். சுஜாதாவுக்கு அது மனதில் தங்கிவிட்டது.

மாட்டு வியாபாரத்தில் அது சாதாரண விஷயமில்லை. மாட்டு வீடியோ எடுக்கிறவன் முதலில் செய்கிற வேலை, முதல் நாள் சாயங்காலமே பாலைக் கறக்காமல் விட்டுவிடுவது. மறுநாள் காலையில் மடி பூசணிக்காய் கணக்காக வீங்கி நிற்கும். கன்று ஒரு பக்கம் பசியில் கத்தும், மாடு வலியில் காலை மாற்றி மாற்றி வைக்கும். வீடியோவில் பார்க்கிறவனுக்கு வலியா தெரியும்? மடிதான் தெரியும். "அப்படி ஒரு வேளை விட்டாத்தான் இன்னா?" என்று மாட்டுக்காரர்களே சுஜாதாவிடம் மன்றாடுவார்கள். "அப்ப நீங்களே எடுத்துக்கங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பின்னாலேயே ஓடிவருவார்கள்.

ஒவ்வொரு வீடியோவையும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். "வணக்கங்க, சுஜாதா பேசறேன். குறைய முதல்ல சொல்லிடறேன்." பிறகு சொல்வாள். ஒரு காம்பில் பால் குறைவு, உதைக்கும், சினை ஒரு தடவை தங்கவில்லை, வயசைக் குறைத்துச் சொல்கிறார்கள் நம்பாதீர்கள். கூடவே நிற்கிற மாட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். ஆனால் மாடு விற்கும். வீடியோவைப் பார்த்தே, நேரில் வராமல், வண்டியை மட்டும் அனுப்பி மாட்டை ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

அந்த நம்பிக்கை ஒரே ஒரு மாட்டிடம் பலிக்கவில்லை. அது கண்ணாயிரத்தின் செவலை.

கண்ணாயிரம் பக்கத்து ஊர்க்காரர். ஜெர்சி கலப்பு மாடு ஒன்று வைத்திருந்தார். நிறம் செவலை, சாது, கறவையில் கெட்டி. ஒரே குறை, இடது முன் சப்பையில், அதாவது தோள்பட்டையில், ரோமம் சுழித்துக்கொண்டு ஒரு சுழி. அந்தப் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். அந்த இடத்துச் சுழி வலப்பக்கம் இருந்தால் வீடு விளங்கும், இடப்பக்கம் இருந்தால் வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. சுஜாதா வழக்கம்போல, "குறைய முதல்ல சொல்லிடறேன், எடது சுழிங்க, பாக்கறவங்க பாத்துக்கங்க" என்று மாட்டைத் திருப்பிக் காட்டிவிட்டாள். ஒரு போன் வரவில்லை. பொழுதுபோகாமல் கூப்பிடுகிறவன்கூடக் கூப்பிடவில்லை.

"உன் வாயாலதான் என் மாடு நிக்குது" என்று கண்ணாயிரம் வாசலில் வந்து நின்று கத்தினார். "பால் குடுக்கற மாட்ட அடிமாட்டு லாரியில ஏத்த வெச்சிட்டியே!"

கத்தியது சுஜாதாவுக்கு உறைக்கவில்லை. அடிமாட்டு லாரி உறைத்தது. லாரிக்காரன் சொன்ன விலையையே கொடுத்து மாட்டைத் தன் வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டாள். சுழியாவது மண்ணாவது என்று அப்போது தைரியமாக இருந்தாள். கொஞ்ச நாளில் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் பேர்கூட வைக்கவில்லை. செவலை என்றே கூப்பிட்டாள். அதுவும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

செவலை வந்த வருஷமே அவள் புருஷன் தீனதயாளன் பைக்கோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்தான். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை, ஒவ்வொரு பாகத்தையும் கருவி வைத்து அளந்து பார்க்கிற வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவன், அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போனான். முட்டியில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது. நிற்க முடியாதவனுக்குக் கம்பெனியில் என்ன வேலை? காண்டிராக்ட் முடிந்ததும் அடுத்த தடவை கூப்பிடவில்லை.

அதிலிருந்து அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். எதிரே மாட்டுக் கொட்டகை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. தலைமுடி கனத்துக்கு ஒரு பாகம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிற கண், வேலை இல்லாமல் போனதும் ஒரே ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. செவலையின் இடது சப்பை. முதலில் விளையாட்டாகச் சொன்னான். பிறகு பாலைக் குடிக்காமல் விட்டான். பிறகு செவலை இருக்கிற பக்கம் முகத்தையே திருப்பாமல் உட்கார ஆரம்பித்தான். சுஜாதா ஒரு நாள் கத்திப் பார்த்தாள், ஒரு நாள் அழுது பார்த்தாள். மற்ற நாட்களில் இரண்டுக்கும் தெம்பில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு நாள் அவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"ஞாயித்துக்கெழம லாரிக்காரன் வரான். சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எனக்கு ஒரு எடத்துல செக்யூரிட்டி வேலை சொல்லி கீறாங்க. அதுவும் போச்சின்னா நான் இன்னா பண்றது?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு சுஜாதாவால் சண்டை போட முடியவில்லை. கால் போன மனுஷன், வேலை போன மனுஷன், ஒரு மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கலாம் என்று பார்க்கிறான். அவனைச் சொல்லி என்ன செய்ய?

"லாரிக்கு வாணாங்க. நான் வீடியோ போட்டு நல்ல வூட்டுக்கு வித்துடறேன்."

"போடு, யார் வாணான்னது? எடது சுழின்னு நீயே மொதல்ல கூவுவ. எவன் வருவான்? போன தபாவே பாத்தோமே." அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்."

மறுநாள் காலையில் சுஜாதா செவலையைக் குளிப்பாட்டிக் கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்தில் கட்டினாள். மற்றவர்கள் வீட்டில் என்றால் மாட்டுக்காரர் கறப்பார், இவள் போனைப் பிடிப்பாள். இங்கே பிடிக்க ஆள் இல்லை. தீனதயாளன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் பிண்ணாக்கு மூட்டையைச் சாய்த்து, அதில் போனை நிறுத்தினாள். மாடும் தானும் படத்துக்குள் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், முகம் பார்க்கிற பக்கத்துக் காமிராவைப் போட்டாள்.

"வணக்கங்க, சுஜாதா பேசறேன். குறைய முதல்ல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். செவலை அவள் தோளை மோந்து பார்த்தது. "குளம்பு வளந்து கீது, வெட்டணும். கறக்கும்போது வால அடிக்கும், கண்ணுல படாம பாத்துக்கணும்." சுழியைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று கறக்க உட்கார்ந்தாள். கறந்து முடித்து, வாளியைக் காட்டி, மாட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். சுழியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. போனை அணைத்தாள்.

சரி, சுழியை மட்டும் தனியாக ஒரு துண்டு எடுத்து ஒட்டிவிடலாம் என்று, எடுத்ததை முதலில் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் திகைத்தாள். வீடியோவில் சுழி வலது சப்பையில் இருந்தது. எழுந்துபோய் மாட்டைப் பார்த்தாள். இடது. போனைப் பார்த்தாள். வலது. இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. முகம் பார்க்கிற காமிரா கண்ணாடி மாதிரி; அவள் போனில் அது எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றித்தான் எடுத்துவைக்கும். இத்தனை நாளும் பின்பக்கக் காமிராவிலேயே எடுத்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

செவலையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அழிக்கவில்லை, மறைக்கவில்லை. போன் தானாகச் செய்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு நல்ல மாடு பிழைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தால் லாரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாற்றம் வந்த பிறகு எழுந்தாள். எழுகிறபோதே வீடியோவை ஆப்பில் ஏற்றிவிட்டாள். அலுத்துப்போனவர்கள் செய்கிற காரியம் அப்படித்தான்; தீர்மானம் என்று ஒன்று எடுப்பதில்லை, கை செய்துவிடும்.

போன் ஓயவில்லை. "யக்கா, சுழி சூப்பரா கீதுக்கா" என்றான் ஒருவன். அவள் "உம்" என்றாள். அந்த "உம்" மட்டும் அன்றைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. தீனதயாளன் தன் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவன் சிரித்த சிரிப்பு. "ஏய், மாத்திட்டியாடி! எங்க கத்துக்கின?" என்று கேட்டான். அவனை மறுபடி சிரிக்க வைக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தவள்தான். இந்தச் சிரிப்பு மட்டும் உடம்பைக் கூசவைத்தது.

கூப்பிட்டவர்களில் ஒருத்தி மட்டும் கடைசி ரேட் கேட்கவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பேர் சின்னப்பொண்ணு. வயசான குரல். மீன்கூடை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டதாம், ஈ.சி.ஆர். ரோட்டோரமாக டீக்கடை போட்டிருக்கிறாளாம், பாலுக்கு ஒரு மாடு வேண்டுமாம்.

"உன் வீடியோ எல்லாத்தியும் பாக்கறவ தங்கச்சி நானு. நீ குறைய சொல்லிகினு மாட்ட காட்டறது எனக்கு புடிக்கும். மாடு இன்னா துன்னும்? எங்கூட்ல சோளத்தட்டு கெடைக்காது."

"எது குடுத்தாலும் துன்னும்க்கா. தண்ணி உப்பா கீதா உங்க பக்கம்? உப்புத்தண்ணி வெக்காதீங்க, அது வாய் வெக்காது."

"நல்ல தண்ணி லாரியில வருது, அத்த வெக்கறேன்." அடுத்து சின்னப்பொண்ணு கேட்டாள். "ஏன் தங்கச்சி, சுழி எப்படி? எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. அதான் கேக்கறேன்."

கேட்டே விட்டாள். இந்தக் கேள்விக்கு "உம்" போதாது. சுஜாதா சுவரைப் பார்த்தாள். பிறகு, "அதான் வீடியோவுல தெரியுதேக்கா, பாத்துக்கங்க" என்றாள்.

அந்தப் பக்கம் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி தங்கச்சி, பாத்துக்கினேன்" என்று குரல் வந்தது. "வண்டி அனுப்பறேன்."

சனிக்கிழமை குட்டியானை வண்டி வந்தது. டிரைவர் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தான். விற்ற மாட்டோடு பழைய கயிற்றை அனுப்புகிற வழக்கம் இல்லை. சுஜாதா அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். செவலை வண்டியில் ஏற முரண்டு பண்ணியது. அவள் போய்க் கழுத்தைத் தடவியதும் ஏறிவிட்டது. அவள் சொன்னால் கேட்கும் மாடு. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. லாரிக்காரனிடம் தீனதயாளனே போனில் சொல்லிவிட்டான், வரவேண்டாம் என்று.

மாடு பிழைத்தது. புருஷன் சாயங்காலம் எழுந்துபோய் முடி வெட்டிக்கொண்டு வந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் சுஜாதாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுழியாவது மண்ணாவது என்று சொன்ன அதே சுஜாதாவுக்கு, முன்பின் பார்த்திராத ஒரு கடல்காரனின் நினைப்பாகவே இருந்தது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் மனசு திடுக்கென்றது. டி.வி.யில் வானிலை சொன்னால் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் சின்னப்பொண்ணுக்கு இருக்குமே, இருந்ததால்தானே கேட்டாள்? அவள் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன்?

போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நம்பரை எடுப்பாள். வைத்துவிடுவாள். சொன்னால் மாடு திரும்பி வரும். வந்தால் அதே லாரி. சொல்லாமல் இருந்தால்? ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததுதான் அவளைத் தின்றது.

அடுத்த வாரம் ஏரிக்கு அந்தண்டை ஒரு வீட்டில் கறுப்பு மாடு ஒன்றுக்கு வீடியோ எடுக்கப் போனாள். மாட்டுக்காரம்மா வாளியோடு உட்கார்ந்தாள். சுஜாதா போனைத் தூக்கிப் பிடித்து, "வணக்கங்க, சுஜாதா பேசறேன். குறைய முதல்ல..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. "ஒடம்பு சரியில்லீங்க, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினாள். வழியில் தீனதயாளன் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னாள்.

"பைத்தியமாடி உனக்கு? யாரும் கேக்காததுக்கு நீ ஏன் போய் சொல்ற? மாட்ட திருப்பி அனுப்பிட்டா இன்னா பண்ணுவ?"

"தெரியலீங்க" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாட்டைக் காப்பாற்றப் போய்த்தான் இதெல்லாம். இப்போது அந்த மாட்டையே பணயம் வைத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தபோது, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. இறங்கவில்லை.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஓலைச் சாய்ப்பு இறக்கி, செவலையைக் கட்டியிருந்தார்கள். குளம்பு வெட்டியிருந்தது. இவளைக் கண்டதும் தலையைத் தூக்கிக் கத்தியது. ரோட்டைப் பார்த்த பக்கம் இடது பக்கம். சப்பையில் சுழி போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி பளிச்சென்று இருந்தது.

சின்னப்பொண்ணு பாய்லரிலிருந்து தலையைத் தூக்கினாள். நரைத்த கொண்டை, பெரிய உடம்பு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சுஜாதாதானே? வா, வா. மாட்டப் பாக்க வந்தியா? குந்து."

சுஜாதா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது. "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த வீடியோவுல..."

"சுழிதானே?" என்றாள் சின்னப்பொண்ணு.

சுஜாதா செவலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாடு வண்டிய வுட்டு எறங்கின அன்னிக்கே பாத்துட்டீங்களா?"

"எறங்கின அன்னிக்கா? நான் வீடியோவுலயே பாத்தேன் தங்கச்சி. உன் முந்தானை வலது தோளு மேல கெடந்திச்சி. நம்ம ஜனத்துல எவ வலது தோளுல முந்தானை போடறா? ஒடனே தெரிஞ்சிபோச்சி, படம் மாறி கீதுன்னு. அப்ப சுழி எடதுதான்."

"தெரிஞ்சே வாங்கினீங்களா? உங்க வூட்டுக்காரரு கடலுக்கு..."

"அவரு காலையில போய்ட்டு, இப்பத்தான் வந்து தூங்கிகினு கீறாரு. கடலுக்குப் போறவன் வூட்ல பயப்பட ஆரமிச்சா எதுக்கெல்லாம் பயப்படறது? எனக்கு பாலு வேணும். மாடு நல்ல மாடு. அது இங்கியே கெடக்கும், எங்கியும் போவாது."

சுஜாதா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அதோடு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. மாடு தப்பித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே பேசினாள்.

"தெரிஞ்சிகினேதான் உன்ன போன்ல கேட்டேன். இவ சொல்லுவா, பாப்போம்னு கேட்டேன். நீ சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். எடது சுழின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கண்ண மூடிகினு வாங்கியிருப்பேன்."

"தப்புதான்க்கா. லாரிக்கு போய்டுமோன்னு..."

"இருக்கும். எதுனா ஒண்ணு இருக்கும்னு நானும் நெனச்சேன். கோவம்லாம் இல்ல, சத்தியமா இல்ல." டீ கிளாஸை அவள் முன்னால் வைத்தாள். "பக்கத்து வூட்டு விஜயகுமாரி ஒரு மாடு வேணும்னு உன் நம்பர கேட்டா. முந்தி மாதிரின்னா நானே கூப்ட்டு குடுத்திருப்பேன். இப்ப குடுக்கல. அத்த உன்கிட்ட சொல்லாம மறைக்கக் கூடாதில்ல, அதான் சொல்லிட்டேன்."

சுஜாதா டீ கிளாஸைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் சின்னப்பொண்ணு அவளுக்குச் செய்தாள். குறையை முகத்துக்கு நேரே சொன்னாள். டீ கெட்டியாக இருந்தது. செவலையின் பால். கடைசி வரைக்கும் குடித்தாள்.

எழுந்து, பர்ஸைத் திறந்து டீக்கான காசை நீட்டினாள். அய்ய, உன்கிட்ட காசா என்று தள்ளிவிடுவாள் என்றுதான் நீட்டினாள். சின்னப்பொண்ணு அதை வாங்கி டப்பாவில் போட்டாள். பிறகு, ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்து, "இன்னா, டீயா?" என்று கேட்டுக்கொண்டே கிளாஸைக் கழுவப் போனாள்.